கரையோரத்து அடுக்களை

தேவந்தி ஒரு கையில் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் இருந்த பழைய அரிவாளின் முதுகால் அதன் விளிம்பில் மெல்லத் தட்டினாள். காய்ந்த சேறு பொருக்காகப் பெயர்ந்து மடியில் விழுந்தது. கல்லைத் திருப்பி இன்னொரு தட்டு. உள்ளங்கையால் துடைத்து, வலது பக்கக் குவியலில் வைத்தாள். முழுக்கல் வலது பக்கம், அரைக்கல் இடது பக்கம், தூளானது பின்னால். கோதுமை அறுப்பு முடிந்து களம் காலியாகிவிட்டது. ஆற்றுக்குப் பயந்து பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டு வந்து, தகரக் கொட்டகையில் குளிர்காலத்தை ஓட்டியாயிற்று. இனி மழைக்கு முன்னால் சுவர் எழுப்பியாக வேண்டும். டோலா என்கிற அந்தச் சின்ன ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு இந்தத் தட்டல் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பல்லியா மாவட்டத்தின் கிழக்கு மூக்கில், கங்கையும் சரயுவும் ஒன்றையொன்று நெருங்கி வரும் மணல் நிலத்தில் ராம்தனி டோலா இருந்தது. இருந்தது என்பதை அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்வார்கள். தேவந்தி மருமகளாக வந்து இறங்கிய ராம்தனி டோலா இப்போது ஆற்றின் நடுவில், மீன்பிடிப் படகுகள் போகும் இடத்தில் இருக்கிறது. ஆறு கரையை அறுக்கத் தொடங்கினால் ஊர் எழுந்து நடக்கும். வேறொரு மேட்டில் போய் உட்காரும். பெயர் மட்டும் மாறாது. தபால்காரர் தேடி வந்து சேர்ந்துவிடுவார். எல்லைக்கோடு ஆற்றோடு சேர்ந்து ஓடிய பழைய நாளில் அவள் மாமனார் ராத்திரி பீகாரில் படுத்து, காலையில் உத்தரப் பிரதேசத்தில் எழுந்து அதே எருமையைக் கறந்தாராம். பால் குறையவில்லை என்று கடைசிவரை சொல்லிச் சிரித்தார்.

அதனால்தான் இங்கே யாரும் செங்கல்லைச் சிமெண்டு வைத்துக் கட்டுவதில்லை. கல் செங்கல், சாந்து சேறு. கரையில் விரிசல் ஓடுகிறது என்று தெரிந்ததும் ஏணி வைத்து ஏறிவிடுவார்கள். தகரம், மூங்கில், கதவு, நிலை, அப்புறம் மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கல். சேற்றில் கட்டிய சுவர் வைத்தது போலவே திரும்பி வரும். படகிலோ டிராக்டரிலோ ஏற்றிக்கொண்டு போனால், அடுத்த மேட்டில் அதே வீடு. என்ன, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாக.

தேவந்தியின் குவியலில் எல்லாக் காலத்துக் கல்லும் இருந்தது. பிஸ்கட் போலத் தட்டையான பழைய கற்கள் ஆற்றில் போன ஜமீன் மாளிகையுடையவை. மாளிகை சரிந்துகொண்டிருந்தபோது ஊரே போய் ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கி வந்தது. முகத்தில் தாமரை முத்திரை குத்திய கனத்த கல், மாமனார் கரும்பு போட்ட காலத்தில் வாங்கியது. ஒற்றை எழுத்து மட்டும் உள்ளது, புருஷன் பிந்தேசரி பரங்கிக்காயும் தர்பூசணியும் போட்டு நல்ல விலை பார்த்த வருஷத்துச் சூளைக்கல். கடைசியாக, அவசரத்தில் சுட்டது போல ஓரம் கோணலான புதுக்கல். அது மகன் சந்தன் சூரத்தில் தறி ஓட்டி அனுப்பிய பணத்தில் வாங்கியது. இதை எல்லாம் அவள் உட்கார்ந்து யோசிப்பதில்லை. கைக்குத் தெரியும். கனத்தை வைத்தே எந்தக் கல் என்று சொல்லிவிடுவாள்.

அவள் யோசித்தது வேறு. மூன்று வீடு கட்டியாயிற்று. முதல் வீட்டில் அடுக்களை கிழக்கே பார்த்தது. இரண்டாவதில் எருமைத் தொழுவத்தை ஒட்டி வடக்கே. மூன்றாவதில் இடம் பற்றாமல் வாசலிலேயே. ஒவ்வொரு வீட்டிலும் முதல் ஒரு வருஷம் அவள் கை பழைய வீட்டிலேயே இருந்தது. மஞ்சள் டப்பாவுக்கு நீட்டினால் வெறும் சுவர் தட்டும். பழகி, கண்ணை மூடிக்கொண்டு பருப்புக் கரண்டியை எடுக்கும் நிலைக்கு வரும்போது ஆறு வந்து நிற்கும். பிறந்த வீட்டுக்குப் போனால் அண்ணி பேச்சுக் கொடுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் மாடத்திலிருந்து கடுகை எடுப்பதைத் தேவந்தி பார்த்துக்கொண்டே இருப்பாள். நகை மேல் வராத பொறாமை அந்தக் கையின் மேல் வந்தது.

அன்று சாயங்காலம் பிந்தேசரி பரவல்காய்ப் பந்தலிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சொல்லிவிட்டாள்.

"அடுக்களையை மட்டும் சிமெண்டு வச்சுக் கட்டணும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எந்த அடுக்களைய?" என்றார். கேலியாக இல்லை. நிஜமாகவே புரியவில்லை.

புரிந்ததும் பேசிப் பார்த்தார். பிந்தேசரி கத்துகிற ஆள் இல்லை. எருமையிடம் கூட நியாயம் பேசுகிறவர். சிமெண்டு போட்டால் கல்லைத் திரும்ப எடுக்க முடியாது, எடுத்தால் பாதிக்கு மேல் உடையும், அடுக்களைக்குப் போகிற கல் அத்தனையும் போனதுதான் என்றார். ஆறு இப்போது தெற்கே விலகிவிட்டது உண்மைதான், ஒரு தலைமுறைக்குத் திரும்பாது என்று பெரியவர்கள் சொல்வதும் உண்மைதான், ஆனால் போன தடவையும் அதே பெரியவர்கள் அதையேதான் சொன்னார்கள் என்றார். அப்புறம் பள்ளிக்கூடத்தை எடுத்தார். ஒப்பந்தக்காரர் வந்து கட்டிய அந்தச் சிமெண்டுப் பள்ளிக்கூடம், கரும்பலகை, மணி, சுவரில் எழுதிய வாய்ப்பாடு எல்லாவற்றோடும் பெட்டி மாதிரி அப்படியே ஆற்றுக்குள் உட்கார்ந்ததை டோலாவே கரையில் நின்று பார்த்தது. ஒரு கல் கூடக் கிடைக்கவில்லை.

"போனாப் போகட்டும்," என்றாள் தேவந்தி. "இருக்குற வரைக்கும் இருக்கும்ல."

செய்தி பக்கத்து வீட்டுக்குப் போக வேலியே போதும். பூலேசரி, பிந்தேசரியின் சித்தப்பா மகனுடைய மனைவி, வயதில் மூத்தவள், பீடி பிடிப்பவள், காலையிலேயே வந்து நின்றாள். "என்னடி, கங்கா மாயிக்கே சவால் விடுறியாமே? அந்தத் தாய்க்கு மஞ்சச் சேலை சாத்துறதாவது சாத்திட்டு விடு," என்றாள். தேவந்திக்குத் தாஜ்மகால் மாதிரி ஒன்று கட்டி ஆற்றங்கரையில் படுத்துக்கொள்ள ஆசை போல என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னாள். தேவந்தி கல்லைத் தட்டிக்கொண்டே, "படுக்கமாட்டேன்க்கா. ரொட்டி சுடுவேன். நீ வந்து தின்னுட்டுப் போ," என்றாள்.

சந்தன் சூரத்திலிருந்து பேசியபோது அப்பா பக்கம் பாதி, அம்மா பக்கம் பாதி என்று மென்று விழுங்கினான். கடைசியில், அம்மா இதுவரைக்கும் வாய் திறந்து எதைக் கேட்டாள் என்று அப்பாவிடமே திருப்பிக் கேட்டான். பிந்தேசரி போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். மூக்குத்தி கேட்டதாக ஒரு ஞாபகம் இருந்தது. அதுவும் அவள் கேட்டதா, அவராக வாங்கியதா என்று நிச்சயமில்லை. மறுநாள் கொத்தனார் இத்ரீஸைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இத்ரீஸ் டோலாவின் ஒரே கொத்தனார். லூதியானாவில் மாடி மாடியாகச் சிமெண்டு வேலை பார்த்தவன். முதுகு வலி வந்து ஊரோடு திரும்பியவன். திரும்பிய பிறகு அவன் கரண்டி சேற்றைத் தவிர எதையும் தொடவில்லை. சிமெண்டு என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கல்லை எல்லாம் தொட்டித் தண்ணீரில் ஊற வைத்தான். தூக்குக்குண்டை நாலு தடவை விட்டுப் பார்த்தான். மற்ற அறைகளின் சேற்றுச் சுவரைக் கண்ணளவில் ஓட்டியவன், அடுக்களைக்கு நூல் பிடித்தான். தேவந்தி கலவை அள்ளிக் கொடுத்தாள். மாடம் எந்த உயரத்தில் வேண்டும் என்று அவன் கேட்டபோது, அவள் அடுப்பு வரப்போகும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையை நீட்டினாள். கை போய் நின்ற இடத்தில் அவன் கரியால் கோடு போட்டான்.

நிலைவாசல் உயரம் வந்திருந்தபோது இத்ரீஸுக்குப் போன் வந்தது. மகளுக்குப் பிரசவ வலி, சாப்ராவில், நாள் முந்திக்கொண்டது. கரண்டியைக் கூடக் கழுவாமல் படகுத்துறைக்கு ஓடினான். குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று தேவந்தி பின்னாலிருந்து சத்தம் கொடுத்தாள். கரண்டியை அவளே கழுவி வைத்தாள்.

அப்புறம் சுவரைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பாயிற்று. புதுச் சுவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை சுவரைப் பார்த்தவள். சுவரின் தலையில் வைக்கோல் வேய்ந்தாள். இரவு ஈரம் படாமல் பக்கவாட்டில் மூங்கில் தட்டி சாத்தினாள். பகலில் தட்டியை எடுத்து அனல் பறக்கும் மேல்காற்று சுவர் முழுக்கப் படும்படி விட்டாள். கன்றுக்குட்டி நக்க வந்தால் விரட்டினாள். பூலேசரி கை கழுவிய தண்ணீரை அந்தப் பக்கம் வீசியபோது சண்டைக்கே போய்விட்டாள். நடுவில் ஒருநாள் பருவம் தப்பி ஒரு மழை வந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாகப் படுதாவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, அது ஓயும்வரை சுவருக்கு மேல் குடையாக நின்றார்கள். சேற்று அறைகளின் மேல் தகரம் இருந்தது. அவர்கள் தலைமேல்தான் ஒன்றுமில்லை. நனைந்து ஊறிப்போய், ஆனால் சுவரில் ஒரு சொட்டு விடாமல் காப்பாற்றிய பெருமையில், பிந்தேசரி தலையைத் துவட்டிக்கொண்டே, "உன் மாமியாருக்குக்கூட நான் இப்படிக் குடை பிடிச்சதில்லை," என்றார்.

சுவர் நன்றாகக் காய்ந்து வெளிறியது. அவள் தினமும் வந்து கையை வைத்துப் பார்ப்பாள். சுடும். திருப்தியாக இருக்கும்.

இத்ரீஸ் பேரனைப் பார்த்துவிட்டு, கையில் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான். எல்லோருக்கும் ஒரு லட்டு கொடுத்துவிட்டு, வாயில் இருந்ததை மென்றுகொண்டே சுவரருகில் போனவன், மெல்லுவதை நிறுத்தினான். நகத்தால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கீறினான். கலவை மாவாக உதிர்ந்தது. இன்னொரு இடத்தில் கீறினான். அங்கேயும்.

"அண்ணி, இதுக்கு யாரு தண்ணி ஊத்துனது?"

"ஒரு சொட்டுப் படல தம்பி," என்றாள் தேவந்தி. "மழை வந்தப்போகூட நாங்க ரெண்டு பேரும் படுதாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். வேணா அவரைக் கேளு."

இத்ரீஸ் அப்படியே கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டான். வைக்கோல் கூரையையும், ஓரமாகச் சாத்தியிருந்த தட்டியையும், அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சிமெண்டுச் சுவரு தண்ணி குடிச்சாத்தான் அண்ணி கெட்டிப்படும். காலையில ஊத்தணும், சாயங்காலம் ஊத்தணும். ஈரம் விடாம ஒரு வாரம் பத்து நாள். காய விட்டா செத்துப்போயிடும்."

"சுவரு தண்ணி குடிக்குமா?"

"குடிக்கும்."

"நீ சொல்லவே இல்லியே."

"இதையெல்லாம் யாரு அண்ணி சொல்லுவாங்க? லூதியானாவுல அதுக்குன்னு ஒரு ஆளு குழாயோட நிப்பான். சிமெண்டு வாங்குறவனுக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்." அவன் குரல் இறங்கியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது போலிருந்தது, இந்த ஊரில் சிமெண்டு வாங்கியவர் யாரும் இல்லை என்று.

முதலில் சிரித்தது பிந்தேசரிதான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோளில் இருந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் அவருக்கு இப்போதுதான் வெளியிலிருந்து தெரிந்தது. பூலேசரி வேலிக்கு அப்பாலிருந்து விஷயத்தைக் கேட்டு வாங்கி, தான் வீசிய எச்சில் தண்ணீர்தான் இந்தச் சுவருக்குக் கிடைத்த ஒரே மருந்து, அதற்கும் சண்டை போட்டார்கள் என்று தெருவுக்குச் சொன்னாள். பள்ளிக்கூடம் கட்டிய ஒப்பந்தக்காரனும் தண்ணீர் ஊற்றவில்லை போலிருக்கிறது என்று யாரோ சொல்ல, அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

தேவந்தி சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. சுவரின் முன்னால் நின்று, ஓரத்துக் கல் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தாள். அது சேற்றிலிருந்து வருவது போலவே, பிகு பண்ணாமல் கையோடு வந்தது. தாமரை முத்திரைக் கல். ஒரு மூலை கூட உடையவில்லை.

இத்ரீஸ் சமாதானமாகச் சொல்லிப் பார்த்தான். இப்படியே விட்டாலும் ஒன்றும் ஆகாது, மேலே தகரம்தானே, சேற்றுச் சுவர் நிற்கிற அளவுக்கு இதுவும் நிற்கும். ஆறு வந்தால் கல்லை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டதும் பிந்தேசரியின் முகம் தெளிந்தது. இப்படி ஒன்று கிடைக்கும் என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பார்த்தால் சிமெண்டு, பிரித்தால் சேறு. பூலேசரிகூட, டோலாவிலேயே புத்திசாலி வீடு இதுதான் என்று ஒப்புக்கொண்டாள். எல்லோரும் தேவந்தியைப் பார்த்தார்கள். நியாயம் எல்லாம் ஒரே பக்கம் இருந்தது.

அவள் கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"பிரியாத சுவருதான் நான் கேட்டேன்," என்றாள். கொட்டகைக்குள் போய் மாவு பிசையத் தொடங்கினாள்.

ரொட்டி நன்றாகவே வந்தது. பிந்தேசரி வழக்கத்தைவிட ஒன்று கூடுதலாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வெளியே போய் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கை வைத்துப் பார்த்தார். பீடி பற்ற வைத்தார். அவருக்குள் என்ன ஓடியது என்று தேவந்தி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எருமைக்குச் சொல்லியிருப்பாரே தவிர அவளுக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

மறுநாள் பரவல்காய் மூட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு பல்லியா சந்தைக்குப் போனவர், வெயில் தாழ்ந்து திரும்பினார். படகு துறையில் முட்டியபோதே தேவந்திக்குத் தெரிந்துவிட்டது. படகின் நடுவில் ஏதோ படுதா போட்டு மூடியிருந்தது. படுதாவின் மேல் அவர் தலைப்பாகைத் துண்டும் விரித்திருந்தது. வெறும் தலையோடு, சிவந்த முகத்தோடு, அவர் அதன் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தார். மூட்டையைத் தோளில் ஏற்றிவிட இத்ரீஸ் கை கொடுத்தான். ஒருவரும் சிமெண்டு என்று சொல்லவில்லை. "இதை நனைக்கக்கூடாது, சுவரை நனைக்கணும். சரிதானே?" என்று மட்டும் பிந்தேசரி கேட்டார். பாடம் ஒப்பிக்கும் குரலில்.

சுவரைப் பிரிக்க அரை நாள்கூட ஆகவில்லை. பிரிப்பதில் அந்த ஊரை அடிக்க ஆளில்லை. பூலேசரியும் அவள் மருமகளும் வந்து கை மாற்றிக் கை மாற்றிக் கல்லை இறக்கினார்கள். தேவந்தி ஒவ்வொன்றையும் தட்டினாள். இந்த முறை உதிர்ந்தது சாம்பல் நிறமாக இருந்தது. கல் மறுபடியும் தொட்டிக்குள் இறங்கிக் குமிழி விட்டது. மாடத்துக்கு அளவு எடுக்க வேண்டியிருக்கவில்லை. இத்ரீஸ் அவளை மறுபடி குந்தச் சொல்லவும் இல்லை.

சுவர் எழுந்ததும் வைக்கோலை எடுத்துப் பிரிப்பிரியாக முறுக்கி அதன் தலையில் போட்டார்கள். இந்தத் தடவை ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கு. கைப்பம்பு டோலாவின் மறுகோடியில் இருந்தது. ஆற்றிலிருந்து பிரிந்த சின்ன ஓடைதான் பக்கம். காலையும் மாலையும் தேவந்தி குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். முதல் நாள் சுவர்மேல் தண்ணீரை ஊற்றும்போது அவள் கை தயங்கியது. குழந்தை தலையில் ஊற்றுவது போல உள்ளங்கையை அணை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சுவர் உஸ்ஸென்று இழுத்தது. ஆவி போல ஒரு வாசம் எழுந்தது. அவள் பின்னால் நகர்ந்து நின்று, எங்காவது கரைகிறதா என்று பார்த்தாள். கரையவில்லை. இரண்டாவது குடத்தைத் தாராளமாகவே ஊற்றினாள்.

அப்புறம் அது வேடிக்கையாகிவிட்டது. சுவரு சாப்பிட்டாச்சா என்று போகிறவர்கள் கேட்டார்கள். சாப்பிட்டாச்சு, இனிமே அவருக்குத்தான் என்று அவள் கொட்டகையைக் காட்டினாள். பிந்தேசரி பந்தலுக்குப் போகும் வழியில் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார். பூலேசரி பீடியை வாயோரத்தில் ஒதுக்கிக்கொண்டு, கங்கா மாயியைக் கொண்டுவந்து சுவருக்குத் தானே ஊட்டி வளர்க்கிற மருமகளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு அவளும் ஒரு குடம் ஊற்றினாள்.

இத்ரீஸ் வந்து நகத்தால் கீறினான். நகம்தான் தேய்ந்தது. இன்னும் இரண்டு நாள் ஊற்றுங்கள், போதும் என்றான்.

கடைசி நாள் மாலையில் தேவந்தி ஓடைக்கு இறங்கியபோது நீர் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. நேற்று அது அவள் கால்விரல்களைத்தான் நனைத்தது. எங்கோ மலையில் மழை தொடங்கியிருக்கும். குடத்தைச் சாய்த்து முக்கினாள். தெளிந்து வந்துகொண்டிருந்த தண்ணீர் இன்று செம்மண் கலங்கலாக, கனமாக வந்தது. கரையேறி நின்று ஒரு கணம் தெற்கே பார்த்தாள். மணல்வெளிக்கு அப்பால் ஆறு இருக்கும் இடம் ஒரு பழுப்புக் கோடாகத் தெரிந்தது.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அடுக்களைச் சுவரின் தலையில் அந்தக் கலங்கல் தண்ணீரையும் ஊற்றினாள். அது வரிசை வரிசையாக, பழைய கல்லிலும் புதுக்கல்லிலும் வழிந்து இறங்கியது. சுவர் அதையும் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.